பொறுத்தவனும் மன்னித்தவனும்

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடற் கதைகளுள் ஒன்று, பசித்து வந்த மூதாட்டியைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்ற ஓர் ஏழைக் கணவனைப் பற்றியது. விருந்தாளியைத் திண்ணையில் இருத்திவிட்டு உள்ளே போன அவன், மனைவியின் அருகில் அமர்ந்து, நயமாகப் பேசி, தலை வாரிப் பேன் பார்த்து, அவள் மனம் சிறிது குளிர்ந்திருக்கக்கூடும் என்று தோன்றிய சமயத்தில், விருந்து வந்திருக்கும் செய்தியை மெல்ல வெளியிட்டான். அவளோ ஆத்திரம் கொண்டு எழுந்து, ஏசித் தீர்த்து, கையில் அகப்பட்ட பழைய முறத்தால் அவனை ஓட ஓட அடித்தாள். வித்துவான்கள் இக்கதையைச் சொல்லும் சபைகளில் இந்த இடத்தில் சிரிப்பொலி எழாமல் இருப்பதில்லை. ஆனால் அடி விழுவதற்கு முன்னால் அந்த மனிதன் செய்தவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் நிறுத்திப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது. ஒரு வேளைச் சோற்றைக் குறித்து ஒரு வார்த்தை பேசுவதற்காக அவ்வளவு முன்னேற்பாடு செய்பவன், அதற்கு முன்பும் அடிபட்டவன். எந்தச் சொல் எந்த விளைவைத் தரும் என்பதைத் தன் உடம்பிலிருந்தே கற்றுக்கொண்டவன். அக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு பாட்டு, இத்தகைய மனைவி வாய்த்தவன் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் துறவு பூணுவதே நலம் என்று புத்திமதி கூறுகிறது. ஊராரின் சிரிப்பும், சொல்லாமல் வீட்டை விட்டுப் போகும் வழியும்தான் அவனுக்கு நம் மரபு அளித்தவை.

பக்தர்களின் சரித்திரத்திலும் இதே காட்சி வேறு ஒளியில் வருகிறது. துக்காராம் சுவாமிகளின் கதையைக் காலட்சேபத்தில் கேட்டவர்கள், கரும்பையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு ஒன்றோடு வீடு திரும்பிய அவரை அவர் மனைவி அக்கரும்பாலேயே அடித்ததையும், அது முறிந்தபோது அவர் அதைப் பங்கீடாக எண்ணி மகிழ்ந்ததையும் அறிவார்கள். (பஞ்சத்தில் குழந்தைகளோடு பட்டினி கிடந்த அந்த அம்மையின் துயரத்தைக் கேட்பவர்கள் எண்ணுவதில்லை என்பது தனிக்கதை.) ஏதென்ஸ் நகரத்து ஞானி சாக்ரடீஸின் தலையில் அவர் மனைவி நீரைக் கொட்டினாள் என்ற கதையும் கடல் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. இப்பெரியோர்கள் சகித்துக்கொண்டது அவர்களுடைய ஞானத்தின் விளைவாக இருக்கலாம். ஞானியாகவோ பக்தனாகவோ தன்னை ஒருபோதும் எண்ணிக்கொள்ளாத ஒரு சாமானியன், தன் வீட்டுக்குள் அடிபட்டும் அவமானப்பட்டும் பல ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்தால், அவன் பொறுமைசாலி என்று சமயமும், அவன் மன்னித்துவிட்டான் என்று சட்டமும் முடிவு கட்டுவது தர்மந்தானா என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை ஆகாயத்தில் வைத்துப் பேசாமல், வேலூரையும் ஆம்பூரையும் சார்ந்த தோல் தொழில் நாட்டில் வைத்துப் பார்க்கலாம். மேற்கே வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரையிலும் கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையிலும் பரவிய இந்தப் பகுதியில், தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் உழைக்கும் ஆண்களின் கைகளில் எப்போதும் ஏதாவதொரு காயம் இருக்கும். சுண்ணாம்பு அரித்திருக்கும், கத்தி பட்டிருக்கும், அமிலம் தெறித்திருக்கும். ஆகவே இங்கே ஓர் ஆணின் உடம்பில் தெரியும் எந்தப் புண்ணுக்கும் காரணம் ஆயத்தமாகவே காத்திருக்கிறது. "டிரம்மில் பட்டுவிட்டது" என்று அவன் சொன்னால் மேஸ்திரி நம்புவார், அண்டை வீட்டார் நம்புவார், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டை எழுதும் டாக்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். வீங்கிய முகத்தோடு வரும் பெண்ணை நோக்கி 'யாரம்மா அடித்தது?' என்று கேட்க இன்றைய மருத்துவர்கள் பழகியிருக்கிறார்கள். அது நெடுங்காலப் போராட்டத்தின் பயன். தீக்காயத்தோடு வந்து பெஞ்சியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆணை நோக்கி அக்கேள்வி எழுவதில்லை. எழுந்தாலும் அவன் உண்மை சொல்ல மாட்டான்; ஏனெனில் உண்மை வெளிப்பட்டால் மறுநாள் ஷிப்டில் அவன் பெயர் மாறிவிடும்.

ஷூ கம்பெனிகள் பெருகிய பின் ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் நிலையும் மாறியிருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் காலையில் வந்து இறங்குபவர்களில் பெண்களே மிகுதி. பல வீடுகளில் மாதச் சம்பளம் மனைவியுடையது, வேலை உள்ள நாளுக்கு மட்டும் கிடைக்கும் கூலி கணவனுடையது. பெண்ணின் கைக்குப் பணம் வந்தது மகத்தான நன்மை என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. தலைமுறை தலைமுறையாக அடிபட்டுப் போக்கிடமின்றி அழுதவர்களுக்கு அது போக்கிடம் தந்தது. ஆயினும் அதிகாரம் எந்தக் கையில் சேர்ந்தாலும் அதைத் துஷ்பிரயோகம் செய்யும் சபலமும் கூடவே சேரும் என்பது மனித சுபாவம். பெண் முழு மனுஷி என்று உளமார ஒப்புக்கொள்பவர், மனித சுபாவத்தின் இந்தப் பாதியையும் அவளுக்கு மறுக்க முடியாது. அவளைத் தெய்வமென்று துதிப்பவர்களால்தான் மறுக்க முடியும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை, சுதந்திர இந்தியாவின் சிறந்த சட்டங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். உடம்பில் விழும் அடி மட்டுமன்றி, ஏச்சும், இழிவும், பணத்தைப் பறித்துக்கொண்டு பட்டினி போடுவதும் வன்முறையே என்று அது வரையறுத்தது. தண்டனைக்கு முன்பாகப் பாதுகாப்பை வைத்தது. மாஜிஸ்திரேட்டின் ஓர் உத்தரவால் அடிக்கிற கையைத் தடுத்து நிறுத்தவும், அடிபடுகிறவர் வீட்டை விட்டு வெளியேற்றப்படாமல் காக்கவும் வழி செய்தது. வேலூர்க்காரர்களுக்கு, முந்தித் தடுக்கும் இந்த மனோபாவம் புதிதல்ல. டேனரிக் கழிவுகளால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், கேடு முற்றிலும் நிரூபிக்கப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டின் சட்டத்தோடு சேர்த்தது. ஆற்றுக்குச் செய்த அந்த நியாயத்தையே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் கொண்டுவந்தது எனலாம். ஆனால் அதன் கீழ் மனுச் செய்ய உரிமை பெற்றவர் பெண் ஒருவரே. எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும் என்ற சொற்களை 2016 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே பெண்ணும் கொடுமை செய்யக்கூடும் என்பதை இன்று அச்சட்டம் ஏற்கிறது. அக்கொடுமைக்கு ஆளாகக் கூடியவர்களில் ஆணும் உண்டு என்பதை மட்டும் அது ஏற்கவில்லை.

பதினெட்டு வயது நிரம்பாத சிறுவனுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சிறுமிக்கு அளிக்கும் அதே பாதுகாப்பை அளிக்கிறது. அறுபது வயதைக் கடந்த தந்தைக்கு, 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், தாய்க்கு நிகரான இடம் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகள், ஓர் ஆண் தன் வீட்டுக்குள் யாராலும் துன்புறுத்தப்பட முடியாதவன் என்று நம் சட்டம் அனுமானம் செய்கிறது. அடித்துக் காயப்படுத்தினால் போலீஸில் புகார் கொடுக்கலாமே, விவாகரத்து கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் விவாகரத்து வழக்கு முடியும் வரையில் அவன் எந்தக் கூரையின் கீழ் தூங்குவான், குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்வான் என்பவற்றுக்கு விடை தரத்தான் பாதுகாப்பு உத்தரவு என்ற ஏற்பாடே பிறந்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், மனைவியின் புகாரால் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஒரு கால்நடை மருத்துவரின் வழக்கை விசாரித்த நீதிபதி எஸ். வைத்தியநாதன், மனைவிமீது நடவடிக்கை எடுக்கக் கணவனுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் போன்றதொரு சட்டம் இல்லாதது துரதிர்ஷ்டமே என்ற கருத்தைத் தம் உத்தரவில் பதிவு செய்தார்.

என் உள்ளத்தை நெடுங்காலமாக உறுத்திவரும் தீர்ப்பு அதற்கும் மிகப் பழையது. தாஸ்தானே வழக்கு என்று சட்ட மாணவர் யாவரும் அறிந்த அதில், 1956-இல் மணம் புரிந்த கணவர் ஒருவர், மனைவியின் கொடுமையைக் காட்டிப் பிரிந்து வாழும் அனுமதி வேண்டி நின்றார். 1975 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், கணவருடைய குறைகளையும் மறைக்கவில்லை; எனினும் தன்னை மாய்த்துக்கொள்வேன், வீட்டைக் கொளுத்துவேன், உத்தியோகத்தைப் போக்குவேன், பத்திரிகையில் போடுவேன் என்று மனைவி விடுத்த மிரட்டல்களும், ஓயாத வசைகளும், ஒரு மனிதனின் பாதுகாப்புணர்ச்சியையும் நிம்மதியையும் குலைக்கும் கொடுமையே என்று தெளிவாக நிர்ணயித்தார். கணவன் மனைவி பேதமின்றி யாவருக்கும் பொருந்துமாறு கொடுமையை அளந்த பெருந்தீர்ப்பு அது. ஆனால் மனு தள்ளுபடியாயிற்று. அக்கொடுமைகளுக்குப் பின்னரும் கணவர் மனைவியோடு கூடி வாழ்ந்தார், மற்றொரு குழந்தையும் உண்டாயிற்று. ஆகையால் அவர் அக்கொடுமையை மன்னித்துவிட்டார் என்று கொள்ள வேண்டும் என்பது முடிவு. மன்னிப்பு என்ற அந்த வாதத்தை எதிர்த்தரப்பு மனுவில் எழுப்பக்கூட இல்லை. எழுப்பாவிட்டாலும் அதை ஆராய்வது தன் கடமை என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றமே அதைக் கையில் எடுத்தது.

சட்டத்தின் எழுத்துப்படி அத்தீர்ப்பைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தர்மத்தின் கண்ணுக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. திருவள்ளுவர் வெகுளாமை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே ஒரு நுட்பமான எல்லையை வகுத்துவிடுகிறார்: தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குபவனே அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. பொறையுடைமையில் அவர் பொறுத்தவரைப் புகழும்போதும், தண்டிக்க வல்லவரோடு ஒப்பிட்டே புகழ்கிறார். தண்டிக்கவோ விலகவோ வல்லமை உடையவன் அவ்வல்லமையைப் பயன்படுத்தாமல் விடுவதே பொறுமை. மன்னிப்பும் அந்த சுதந்திரத்திலிருந்துதான் பிறக்க முடியும். விலக வழியின்றி ஒரே கூரையின் கீழ் இரவு வந்ததும் படுத்துக்கொள்பவன் எதை மன்னித்தான்?

இங்கே ஒருவர் ஆட்சேபிக்கலாம்: பெண்ணுக்கு இல்லாத உடல்வலிமை ஆணுக்கு உண்டல்லவா, திருப்பி அடிக்க வல்லவன் அடிக்காமல் இருந்தால் அது வள்ளுவர் சொன்ன பொறுமைதானே என்று. ஆம், அந்த ஒரு செயல் பொறுமையே. அதை நான் மனமார வணங்குகிறேன். டேனரியில் ஈரத்தோலைச் சுமந்து முறுக்கேறிய கை, முறம் தன்மேல் விழும்போது ஓங்காமல் இருப்பது சிறிய தவமன்று. ஆனால் திருப்பி அடிக்காமல் இருந்தது வேறு, நடந்ததை ஏற்றுக்கொண்டது வேறு. முன்னது அவன் தன் கையின்மேல் செலுத்திய ஆட்சி. பின்னது அவன் செய்யாத செயல். கையை அடக்கியவனை, கொடுமையை ஒப்புக்கொண்டவன் என்று படிப்பதுதான் அநியாயம். அவன் ஒரு முறை கையை ஓங்கியிருந்தால் சட்டம் அவனைக் குற்றவாளியாகக் கண்டிருக்கும், அப்படிக் காண்பது நியாயமும்கூட. ஓங்காமல் இருந்ததனாலோ சட்டத்தின் கண்ணுக்கு அவன் புலப்படாமலே போகிறான்.

பெண்களும் இதே பொறுமைப் போதனையால்தான் பல நூற்றாண்டுகள் நசுக்கப்பட்டார்கள் என்பதை மறந்து இதை எழுதவில்லை. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். கணவன் தங்களை அடிக்காத வேளையில் அவனைத் தாமாக அடித்ததுண்டு என்று சொன்ன பெண்கள் அதே ஆய்வில் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர். ஆணிடம், 'நீ அடிபட்டாயா?' என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும், பெண்களுக்கான சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று சொல்ல மனம் துணிய மாட்டார். ஆண்களின் உரிமையைப் பேசுவோரில் ஒருவர், 2021-இல் தற்கொலை செய்துகொண்ட மணமான ஆண்கள் 81,063 பேர், மணமான பெண்கள் 28,680 பேர் என்ற கணக்கை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் சென்றார். ஒருதலைப்பட்சமான சித்திரம் என்று 2023 ஜூலையில் நீதிபதிகள் அம்மனுவை ஏற்க மறுத்தார்கள். கடனும், குடியும், நோயும், வேலையின்மையும் சேர்ந்து கொன்ற அத்தனை பேரையும் மனைவிமார்களின் கணக்கில் எழுதுவது மாண்டவர்களுக்குச் செய்யும் அபசாரம் என்றே நானும் கருதுகிறேன். தொகையைப் பெரிதாகக் காட்டினால்தான் துயரம் மெய்யாகும் என்பதில்லை. நூற்றில் நால்வர் அடிபட்டாலும், அந்த நால்வரில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பு ஒன்றுதான். சமயங்கள் யாவும் ஆன்மாவை எண்ணிக்கையால் அளக்காதபோது, நியாயஸ்தலம் மட்டும் பாலினத்தைப் பார்த்து வாசலைத் திறக்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் சிக்கலானது. கணவனுக்குத் தலாக் என்ற வழி இருக்கும்போது அவனுக்கு வேறு பாதுகாப்பு எதற்கு என்று கேட்பார்கள். அந்த வழியே அவன் வாயை அடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஜமாஅத்தின் முன் நின்று 'என் மனைவி என்னை அடிக்கிறாள்' என்று சொல்வதைவிட, காரணம் கூறாமல் விலகிக்கொள்வது அவனுக்கு எளிது. கெட்ட பெயரை ஏற்பான், இரக்கத்தை ஏற்க மாட்டான். மனைவிக்கும் அதனால் திருந்த வழி அடைபடுகிறது. ஆனால் குர்ஆனின் நான்காம் அத்தியாயம், தம்பதியர் பிரிந்துவிடுவார்களோ என்று அஞ்சும்போது கணவன் தரப்பில் ஒரு மத்தியஸ்தரும் மனைவி தரப்பில் ஒரு மத்தியஸ்தரும் அமர வேண்டும் என்று விதிக்கிறது. இருவர் துயரத்துக்கும் தனித்தனியே காது கொடுக்கும் ஏற்பாடு அது. துன்புறுபவர் இன்னார்தான் என்று முன்கூட்டியே தீர்மானிக்காத ஏற்பாடு. நம் ஊர்களில் நடக்கும் பஞ்சாயத்துகளில் எத்தனை, எந்தச் சமயத்தாருடையதாயினும், அந்த மனத்தோடு கூடுகின்றன?

அண்டை நாடான இலங்கை, நாம் நம் சட்டத்தை இயற்றிய அதே 2005-ஆம் ஆண்டில், தன் 34-ஆம் இலக்கச் சட்டத்தால் குடும்ப வன்முறையைத் தடுக்க முற்பட்டபோது, பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமையை ஆண் பெண் என்ற பேதமின்றி மனிதருக்கு அளித்தது. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கக்கூடியதை ஆம்பூர்த் தமிழன் கேட்க முடியாது. நம் அரசியல் சாசனத்தின் 15-ஆம் விதி பெண்களுக்கென்று தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கிறது. பெண்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் குறைக்காமல், அதன் அருகே மற்றவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உத்தரவை வைப்பதை அது தடுக்கவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும்; அக்கறையோடு கேட்கும் கேள்வியே ஓர் உயிரைக் காப்பதும் உண்டு. இங்கிலாந்தில் 2018-இல் ஒரு பெண், தன்னோடு வாழ்ந்த இளைஞனைக் கொதிநீராலும் கத்தியாலும் துன்புறுத்தி, உணவு மறுத்து, உற்றாரிடமிருந்து பிரித்து வைத்த குற்றத்துக்காக ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றாள். அவ்விளைஞன் போலீஸாரிடம் முதலில் தன் காயங்களுக்குப் பொய்க் காரணங்களையே சொன்னான். அவனைத் தனியே வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. இன்னும் சில நாட்கள் போயிருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று மருத்துவர்கள் கூறினார்கள்.

நம்மிடத்திலும் இன்றைக்கே ஆகக்கூடிய காரியம் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்களைச் சொல்லும் 12-ஆம் பிரிவில், பெண்களையும் பட்டியல் சாதியினரையும் சொல்வதோடு தொழிற்சாலைத் தொழிலாளியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்பவன், தொழிலாளி என்ற அந்த ஒரு தகுதியாலேயே, வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள நீதிமன்ற வளாகத்துக்குப் போய் உதவி கேட்கலாம். இதை அவனுக்குச் சொல்லக்கூடியவர்கள் தொழிற்சங்கக் காரியதரிசியும், பள்ளிவாசல் முத்தவல்லியும், சபைப் போதகரும், ஊர்ப் பெரியவரும். அவன் கையில் கட்டுப் போட்டிருப்பதைக் கண்டதும் டிரம்மைக் குறை சொல்லிவிட்டு நகராமல், தனியே அழைத்து உட்கார வைத்து, 'வீட்டில் யாரப்பா கை ஓங்குவது?' என்று கேட்பதற்கு அவர்களுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.